தண்ணீரில் சுசுகி வினை: வேலை செய்வது கரியில் உள்ள பல்லேடியமா, கரைந்ததா?

ஆய்வுமாணவன்:
வணக்கம். சுசுகி வினை (புரோமின் சேர்மத்தையும் போரான் சேர்மத்தையும் பல்லேடியம் வைத்து இணைப்பது) செய்கிறேன்: 4-புரோமோபென்சாயிக் அமிலம், ஃபீனைல்போரானிக் அமிலம், சோடியம் கார்பனேட், கொஞ்சம் பல்லேடியம்-கார்பன் (கரித்தூளில் பதித்த பல்லேடியம் வினையூக்கி), கரைப்பான் வெறும் தண்ணீர், 80 டிகிரி. யீல்டு (கிடைக்கும் விளைபொருளின் அளவு) நன்றாக வருகிறது. கரியை வடிகட்டிக் கழுவித் திரும்பப் போட்டாலும் முதல் சில சுற்றுகளில் குறைவதில்லை, அப்புறம்தான் மெல்ல இறங்குகிறது. வினை முடிந்து ஆறியபின் வடிகட்டிய நீரில் புதிதாக வினைபடுபொருள்களைப் போட்டுச் சூடாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. இதை வைத்து, வினை முழுக்கத் திடப்பொருளின் மேற்பரப்பில்தான் நடக்கிறது என்று எழுதலாம் என்கிறார் கைடு. எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து?

கரிமவேதி:
எழுதாதீர்கள். ஆறவிட்டு வடிகட்டியதால் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. அரைல் புரோமைடு (உங்கள் புரோமோபென்சாயிக் அமிலம்) பல்லேடியத்தைக் கரியிலிருந்து பெயர்த்துக் கரைசலுக்குள் இழுத்துவிடும், பெரும்பாலும் வினை அங்கேதான் ஓடும், புரோமைடு தீர்ந்து சூடும் இறங்கியதும் உலோகம் மறுபடி கரியிலேயே படிந்துவிடும். நீங்கள் பார்த்தது படிந்து முடிந்த பிறகான நீரை. பாதி வினைகூட முடியாத நேரத்தில், அதே 80 டிகிரியில், முன்பே சூடாக்கிய புனலில் நைட்ரஜன் சூழலில் வடிகட்டி, அந்த நீரை அப்படியே தொடர்ந்து சூடாக்குங்கள். அவ்வப்போது மாதிரி எடுத்து எச்பிஎல்சியில் (கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவி) பாருங்கள். மாற்றம் தொடர்ந்தால் கரைந்த பல்லேடியம் வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. நின்றுவிட்டது என்பதால் மட்டும் மேற்பரப்புதான் என்று ஆகிவிடாது, கரைந்த துகள்கள் வடிகட்டியிலேயே ஒட்டியிருக்கலாம். பாதரசச் சோதனையையும் (பாதரசம் சேர்த்தால் வினை நிற்கிறதா என்று பார்ப்பது) தனியாக நம்பாதீர்கள், திட உலோகத்தை மட்டுமல்ல, கரைந்த சுழிய (ஆக்சிஜனேற்ற எண் 0) பல்லேடியத்தையும் அது முடக்கும்.

மருந்துஆலை:
மேலே சொன்னதோடு, வினையூக்கியே போடாத ஒரு வினையைப் புது ஃபிளாஸ்க், புது காந்தக் கலக்கியுடன் கட்டாயம் செய்யுங்கள். பழைய கலக்கியின் டெஃப்லான் கீறல்களில் கறுப்பாக ஒட்டியிருக்கும் பல்லேடியம் அடுத்த வினையை ஓட்டப் போதும். நீங்கள் சோடியம் கார்பனேட் போடுவதால் லெட்பீட்டர் குழுவின் கதை தெரிந்திருக்க வேண்டும். 2003-இல் உலோகமே இல்லாமல் தண்ணீரில் மைக்ரோவேவில் சுசுகி வினை நடக்கிறது என்று வெளியிட்டார்கள், 2005-இல் அவர்களே தேடிப் பார்த்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவு பல்லேடியம்தான் காரணம் என்று எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை. வடிநீரையும் விளைபொருளையும் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு (உலோகத் தடயத்தை அளக்கும் சோதனை) அனுப்புங்கள். வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளுக்கு 100 மைக்ரோகிராம்தான் அனுமதி, தினம் 10 கிராம் சாப்பிடும் மருந்து என்று கணக்கிட்டால் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு).

ஆய்வுமாணவன்:
மிக்க நன்றி இருவருக்கும். அப்படியானால் கரி மேல் பதிப்பதில் பயனே இல்லையா?

கரிமவேதி:
நிறைய இருக்கிறது. உலோகம் கரைந்து போய்த் திரும்பி வந்து படிவதால்தான் விளைபொருளில் குறைவாகத் தங்குகிறது, மீட்கவும் முடிகிறது. திரும்பிப் படியும்போது துகள்கள் பெரிதாகிவிடும், உங்கள் யீல்டு இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) எடுத்துப் பாருங்கள். பொருளைப் பிரிக்க எத்தில் அசிடேட் ஊற்ற வேண்டாம், பிறகு தண்ணீரில் செய்ததற்கே அர்த்தமில்லை. கரியை வடிகட்டிவிட்டு நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நுரைத்துக்கொண்டே பைஃபீனைல் அமிலம் வெள்ளையாக இறங்கும். பயன்படுத்திய கரியைக் காயவிடாதீர்கள், ஈரமாகவே மூடி வையுங்கள், காய்ந்தது தீப்பற்றும்.