வெளிநாட்டுப் பங்குதாரர் வந்த பிறகு ஆலையில் முடிவெடுப்பவர் யார்?

கேள்வி: இடைநிலை மேலாளர்

வாகன உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் நிறுவனத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பெரும்பான்மைப் பங்கை வாங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. பழைய முதலாளி சிறுபான்மைப் பங்குடன் இயக்குநர் குழுவில் தொடர்கிறார். ஆலைத் தலைவராகத் தலைமையகத்திலிருந்து ஒருவர் மூன்றாண்டுப் பொறுப்பில் வந்திருக்கிறார். முதலீடு சொன்னபடி வந்தது, புதிய இயந்திரங்களும் வந்தன, அவற்றில் குறையில்லை.

முன்பு அச்சு ஒன்று தேய்ந்தால் ஷிஃப்ட் மேற்பார்வையாளரே பழுது பார்ப்பவரை அழைத்து அன்றைக்கே வேலையை முடித்துவிடுவார். இப்போது அதற்கு ஒரு கொள்முதல் கோரிக்கையும் மூன்று ஒப்புதல்களும் தேவை. அவற்றில் ஒன்று, நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அலுவலகம் திறக்கும் தலைமையகத்திலிருந்து வர வேண்டும். காலைக் கூட்டத்தில் புதிய தலைவர் "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்கும்போது, நீண்ட அனுபவமுள்ளவர்கள்கூடக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் பழைய முதலாளியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். இதைப் பண்பாட்டு வேறுபாடு என்று கருதி அனைவருக்கும் பயிற்சி வகுப்பு நடத்தத் தலைமையகம் திட்டமிடுகிறது. அது பயன்படுமா?

பதில்: கூட்டு நிறுவன அனுபவஸ்தர்

வகுப்பு நடக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் விவரிப்பதில் பண்பாடு கால் பங்குகூட இல்லை என்றே நினைக்கிறேன். தான் சொல்வதை வைத்து முடிவெடுக்கும் அதிகாரம் எதிரில் இருப்பவருக்கு இல்லை என்று தெரிந்த பிறகு, எந்த நாட்டுத் தொழிலாளியும் பேசமாட்டார்.

பொருளாதாரம் மாறும் காலத்தில் இதைச் சற்று நிதானமாகக் கையாண்ட ஓர் எடுத்துக்காட்டு செக் நாட்டின் ஸ்கோடா. அங்கே பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின், 1991-இல் ஃபோக்ஸ்வாகன் முதலில் 30 சதவீதப் பங்குடன் நுழைந்தது. 1995-இல் அது 70 சதவீதமாகி, 2000-இல்தான் முழு உரிமையாயிற்று. வெளியிலிருந்து வந்த மேலாளர்களை உள்ளூர் மேலாளர்களுடன் ஒரே பொறுப்பில் இணைத்து வேலை செய்ய வைத்தார்கள்; தன் இடத்தில் உள்ளூர்க்காரர் அமரும் அளவுக்கு அவரைத் தயார்செய்வதும் வந்தவருடைய வேலையின் பகுதியாக இருந்தது. உங்கள் ஆலைத் தலைவரின் மூன்றாண்டுப் பொறுப்பில் அப்படி ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா? அவருக்குப் பின் யார் என்பது இன்னும் பேசப்படவில்லை என்றால், மேற்பார்வையாளர்கள் அவரை விருந்தாளியாகவே பார்ப்பார்கள்.

பதில்: ஒப்பந்தப் பிரிவு

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு உங்கள் ஒப்புதல் சங்கிலியைவிடப் பழைய முதலாளியின் அறைதான் கவலை தருகிறது. பங்கின் சதவீதம் ஆலையை நடத்துவதில்லை. சீனாவில் வாஹாஹா என்ற பானக் குழுமத்துடன் பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோன் 1996-இல் தொடங்கிய கூட்டு நிறுவனங்களை நினைத்துப் பாருங்கள். டனோனிடம் 51 சதவீதம் இருந்தது. அன்றாட நிர்வாகமோ வாஹாஹா நிறுவனர் சோங் சிங்ஹோவின் கையில். கூட்டு நிறுவனத்துக்கு வெளியே அவர் தனி நிறுவனங்களை வைத்து அதே பிராண்டில் விற்கிறார் என்று டனோன் 2007-இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியபோது, பல நாடுகளில் வழக்கு நடந்தது. 2009-இல் டனோன் தன் பங்கை வாஹாஹாவிடமே விற்று வெளியேறியது. வியாபாரிகள், விநியோகஸ்தர்கள், ஊழியர்கள் எல்லோரையும் அறிந்தவர் சோங்தான்.

உங்கள் முதலாளி அப்படிப்பட்டவர் என்று சொல்ல வரவில்லை. எந்த விவகாரம் இயக்குநர் குழுவுக்குரியது, எது ஆலைத் தலைவருக்குரியது என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாதபோது, நல்ல மனிதர்கூட இரண்டாவது அதிகார மையமாகிவிடுவார். அந்தப் பக்கத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள்.

கேட்டவர்

படித்தேன். பெரிய முதலீடு, கடன், நியமனம் ஆகியவை பற்றி விரிவாக இருக்கிறது. அன்றாடச் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த இடைவெளியில்தான் தலைமையகம் தன் பொது விதியைப் புகுத்தியிருக்கிறது. மேற்பார்வையாளர்களை நம்பாததால்தானே இது?

பதில்: உள்தணிக்கையாளர்

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டமும் பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டமும், துணை நிறுவனத்தில் நடக்கும் லஞ்சத்துக்குத் தாய் நிறுவனத்தையே பொறுப்பாக்கக்கூடியவை. பிரிட்டன் சட்டத்தில், தடுக்கப் போதிய நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவதே நிறுவனத்துக்குரிய தற்காப்பு. ஆகவே யாருக்கு, எதற்குப் பணம் போகிறது என்பதற்கு அவர்கள் ஆவணம் கேட்பது நியாயம். அதற்காக ஒவ்வொரு முறையும் முன்ஒப்புதல் தேவையில்லை. பழுது பார்ப்பவர்களை ஒருமுறை சரிபார்த்துப் பட்டியலில் சேர்த்து, கட்டணத்தை ஆண்டு ஒப்பந்தமாக முடித்து, ஒரு வரம்புக்குள் மேற்பார்வையாளரே வேலையைத் தொடங்கலாம், கணக்கை மாத இறுதியில் சரிபார்க்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை, தணிக்கைப் பிரிவு ஏற்றுக்கொண்டால் நிதிப் பிரிவு தடுப்பதில்லை.

பதில்: உற்பத்திப் பிரிவு

கூட்டத்து மௌனத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, டொயோட்டாவுடனான கூட்டு நிறுவனம் 1984-இல் மீண்டும் இயக்கியது. ஆட்கள் பெரும்பாலும் பழையவர்களே, தொழிற்சங்கமும் அதுவே. ஆனாலும் தரம் வெகுவாக உயர்ந்தது. அங்கே கோளாறைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலிருந்த கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே அவரிடம் வருவார், குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். பேசச் சொல்லி யாரும் உபதேசம் செய்யவில்லை. இழுத்தவருக்கு உதவி வந்தது, ஏச்சு வரவில்லை, அதனால் மறுபடியும் இழுத்தார்கள்.

உங்கள் தலைவர் "பிரச்சினை உண்டா?" என்று பொதுவில் கேட்பதை நிறுத்திவிட்டு, வரிசைக்கே போய், "இந்த அச்சு நேற்று எத்தனை முறை நின்றது, சரிசெய்ய உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கட்டும். அங்கேயே அவர் கையொப்பமிட முடிய வேண்டும்; அதற்குத்தான் தணிக்கையாளர் சொன்ன வரம்பு முதலில் வேண்டும். பழைய முதலாளியிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தன் அறைக்கு வருபவரை அவரே ஆலைத் தலைவரிடம் அழைத்துப்போய், அவர் முன்னிலையில் அதே விஷயத்தைச் சொல்லச் சொல்லட்டும்.