சாங்தே போன ஜனவரி

பெரம்பூர்

2022 நவம்பர் 12. நேரு ஸ்டேடியத்தில் நம் சென்னையின் எஃப்.சி.க்கும் மும்பை சிட்டிக்கும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து ஆட்டம். நாம் 2-0 என்று முன்னிலையில் இருந்தோம். முடியும்போது 2-6. ஆறு கோல் வாங்கியது வலித்தது உண்மைதான். ஆனாலும் அன்றைய நாளில் என் மனத்தில் தங்கிவிட்டது வேறொன்று.

நானும் என் மகனும் ஓரக்கோட்டுக்கு நெருக்கமான வரிசையில் உட்கார்ந்திருந்தோம். லாலியன்சுவாலா சாங்தே மும்பையின் சட்டையில் எங்கள் பக்கமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இடது காலுக்குப் பந்தை மாற்றுவதற்கு முன் அந்த அரை விநாடி நிதானிப்பாரே, அதே நிதானம். தோளை ஒருபக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் வெட்டுகிற அதே வெட்டு. மகன் என் முழங்கையைப் பிடித்து, "அப்பா, இவர் நம் ஆள்தானே?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அவன் கேட்டதில் தவறே இல்லை. அந்த மைதானத்தில் அவன் அதற்கு முன் சாங்தேயைப் பார்த்தது 2020 பிப்ரவரி 29 அன்று. கோவாவுக்கு எதிரான அரையிறுதி, 4-1. நான்கில் ஒன்று சாங்தே அடித்தது. அன்று அவன் என் தோளில் உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு கொரோனா வந்தது. இரண்டு சீசன் முழுவதும் கோவாவிலேயே, பெரும்பாலும் ஆளில்லாத அரங்குகளில் நடந்தன. 2022 அக்டோபர்வரை நம் ஊரில் ஒரு லீக் ஆட்டம்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான், 2022 ஜனவரியில், சாங்தே மும்பைக்குப் போனார். நம் சட்டையில் நம் ஊரில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அந்த 4-1 என்பது அன்று நம்மில் எவருக்கும் தெரியாது.

ஆட்டம் முடிந்து சாங்தே உள்ளே போகும்போது எனக்குப் பின்னால் இருந்த சிலர் கை தட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆறு கோல் வாங்கிய அணியின் ரசிகர்கள் எதிரணியின் ஓரத்தில் ஓடி ஆடுகிற விங்கருக்குக் கை தட்டுவதா?

ஜனவரியில் வீரர்கள் அணி மாறுவார்கள். அப்படிப் பாதி சீசனில் வந்தவர்கள், போனவர்கள் எல்லோரையும் நாம் ஆளுக்கொரு விதமாக நினைவில் வைத்திருக்கிறோம். உங்கள் மனத்தில் நிற்கும் ஜனவரி எது? நேரில் பார்த்ததை எழுதுங்கள்.

வியாசர்பாடி

அண்ணா, அன்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன். உங்களுக்குப் பின்னால்தான் இருந்தேனா என்று தெரியாது, ஆனால் அதே பக்கம்தான்.

கோபப்படாமல் கேளுங்கள். முல்லை நகர் மைதானத்தில் காலை நேரத்தில் சிறுவர்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பையனுக்கு ஆட்டம் மங்கிவிட்டால், வேறு இடத்தில், வேறு ஆட்களோடு ஆடவிட்டால் சில நேரம் அவன் மறுபிறவி எடுப்பான். இதை என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். சாங்தேக்கும் அதுதான் நடந்தது. மும்பை 2022-23இல் 46 புள்ளியோடு, லீக் அட்டவணையில் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கியது. அந்தச் சீசனின் சிறந்த வீரருக்கான கோல்டன் பால் சாங்தேக்குக் கிடைத்தது. அவர் நம்மிடமே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் கை தட்டினேன்.

என்னைப் பொறுத்தவரை அந்த ஜனவரியின் உண்மையான தவறு அவரை அனுப்பியது அல்ல. அதே மாதத்தில் யாரை, எதற்காகக் கூட்டிவந்தோம் என்பதில்தான் தவறு. ஜாம்ஷெட்பூரிலிருந்து நெரியஸ் வால்ஸ்கிஸ் திரும்பி வருகிறார் என்று அறிவிப்பு வந்த இரவு எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். 2019-20இல் 15 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கிய மனிதர். ஏடிகேவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 3-1 என்று தோற்றபோது நம்முடைய அந்த ஒரு கோலும் அவருடையதே. அதற்கு அடுத்த சீசனில் 20 ஆட்டங்களில் நாம் அடித்தது மொத்தம் 17 கோல். பதினொரு டிரா. ஸ்டிரைக்கர் வேண்டும் என்று நாங்கள் கத்தியதில் நியாயம் இருந்தது.

ஆனால் 2020இல் அவருக்குப் பந்து ஊட்டிய கூட்டணியை யோசியுங்கள். நடுவில் கிரிவெல்லாரோ, பக்கத்தில் ஷெம்ப்ரி, ஓரத்தில் சாங்தே. 2022இல் அந்தக் கூட்டணி கலைந்து போயிருந்தது. மிச்சம் இருந்த சாங்தேயும் அதே மாதம் கிளம்பினார். கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் நின்று கோல் அடிக்கிறவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் பந்தைக் கொண்டுவருகிறவரை வழியனுப்பினோம். வால்ஸ்கிஸ் கையை விரித்துக்கொண்டு நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது வயிறு எரியும்.

இன்னொன்று. வால்ஸ்கிஸைத் தங்கக் காலணிவரை கொண்டுபோனவர் அப்போது நம் பயிற்சியாளராக இருந்த ஓவன் கோய்ல். நம்மை விட்டுப் போகும்போது ஜாம்ஷெட்பூருக்கும் அழைத்துப் போனவர் அவர். அந்தக் கோய்லே பாதி சீசனில் அவரைப் போகவிடுகிறார் என்றால் நாம் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டாமா? அவர் இடத்துக்குக் கோய்ல் கொண்டுவந்தது டேனியல் சிமாவை. ஈஸ்ட் பெங்கால் வேண்டாமென்று விட்டவர். எங்கள் பக்கம் அப்போது அந்த மாற்றத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சிமா கோலாக அடித்துத் தள்ளினார். ஜாம்ஷெட்பூர் 43 புள்ளியோடு ஷீல்டு வாங்கியது. நாம் எட்டாம் இடம்.

பெயருக்கு ஆள் எடுப்பதற்கும் தேவைக்கு ஆள் எடுப்பதற்கும் இடையில் உள்ள தூரம் அந்த அட்டவணையில் அப்படியே தெரிகிறது, அண்ணா.

தாம்பரம்

நான் இன்னும் முன்னே போகிறேன். 2019 ஜனவரி.

முந்தைய சீசனின் சாம்பியன் நாம். பெங்களூரில் போய்க் கோப்பையைத் தூக்கிவந்த அணி. அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். அலுவலகம் முடிந்து தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்து இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்துபோவோம், நானும் என் தங்கையும். ஆட்டம் முடிந்து அதே வழியில் திரும்பும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். அந்தச் சீசனில் அப்படி எத்தனை இரவு!

அந்த ஜனவரியில் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து சி.கே.வினீத் கடன் அடிப்படையில் வந்தார். உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும், மஞ்சள் சட்டையில் அவரைக் கண்டால் நாம் எவ்வளவு சத்தம் போடுவோம் என்று. அதே மனிதர் நீலச் சட்டையில் பயிற்சிக்கு ஓடிவந்தபோது எங்கள் வரிசையில் ஒரு தயக்கம் இருந்தது. பிறகு யாரோ ஒருவர் அவர் பெயரைச் சொல்லிக் கத்த, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம். தங்கை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது ஆட்டத்தில் அவளும் கத்தினாள்.

லீக்கில் அந்த வரவால் எதுவும் மாறவில்லை, கடைசி இடம் கடைசி இடமாகவே இருந்தது. அதனால் பலர் அதை வீண் என்று தள்ளிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஏப்ரலில் அதே அணி சூப்பர் கோப்பையில் இறுதிவரை போனது. புவனேஸ்வரத்தில் கோவாவிடம் 2-1 என்று தோற்றோம். பிப்ரவரியில் எழுந்து நிற்கவே முடியாமல் இருந்த அணி, ஏப்ரலில் கோப்பைக்கு ஒரு கோல் தூரத்தில் நின்றது. ஜனவரியில் வருகிறவருக்குப் பயிற்சிக் காலம் கிடையாது. பக்கத்தில் ஆடுகிறவர் எந்தக் காலில் பந்தை வாங்குவார் என்பதுகூடத் தெரியாமல் இறங்குகிறார். அவரைப் பிப்ரவரியிலேயே எடை போடுவது கொடுமை.

வால்ஸ்கிஸுக்கும் இதைச் சொல்வேன். திரும்பி வந்தவரை நாம் ஒருநாள்கூட நேரில் பார்க்கவில்லை. ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடிவிட்டுப் போய்விட்டார். பெரியமேட்டில், நம் நேரு ஸ்டேடியத்தில், நம் சத்தத்துக்கு நடுவில் ஆடியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

நெய்வேலி

எட்வின் வான்ஸ்பால் எங்கள் ஊர்ப் பிள்ளை. சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப்போடு ஐ-லீக் வென்றுவிட்டு இங்கே வந்தவர். அவர் இங்கே ஆடிய நாட்களில் எங்கள் குடியிருப்பில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம்.

ஜனவரியில் வெளிநாட்டு வீரரைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். 2021இல் கிரிவெல்லாரோவுக்குக் காயம் என்றதும் லான்சரோட்டேவைக் கொண்டுவந்தார்கள். கோவாவில் பெரிய ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி சீசனில் ஒரு நடுக்களக்காரர் விழும்போது, இங்கேயே பெஞ்சில் இருக்கும் பையனுக்கு ஐந்து ஆட்டம் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் முதல் பதினொன்றில் இருக்கும்போது ஸ்டேடியத்தில் எழும் சத்தமே வேறு. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷுக்கு எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கொச்சி

திருநெல்வேலிக்காரன், வேலை இங்கே. என் மேசைக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவர் தீவிரமான பிளாஸ்டர்ஸ் ரசிகர்.

2025 ஜனவரியில் நாம் பிகாஷ் யும்னமைக் கொடுத்துவிட்டு பிரீதம் கோட்டாலை வாங்கினோம் இல்லையா, அன்று காலை இருவரும் டீ குடிக்கப் போனோம். அவருக்கு முகம் நிறையச் சிரிப்பு. "இருபத்தோரு வயதுப் பையனை எங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள்" என்றார். "மோகன் பகானுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியவர் எங்களுக்கு வருகிறார்" என்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சங்கடம் இருந்தது, இங்கே சொல்கிறேன். பின்களத்தில் அடுத்தவர்களைக் கூப்பிட்டு நிறுத்துகிற அனுபவஸ்தர் நமக்கு வேண்டியிருந்தது, அது சரி. அதற்கு விலையாகக் கொடுத்தது வளரும் பிள்ளையை. சாங்தே விஷயத்தில் ஒருமுறை சூடுபட்டவர்கள் நாம். இரண்டாவது முறை அதே அடுப்பில் கை வைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளாதா?

பெரம்பூர்

எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

வியாசர்பாடித் தம்பி, உன் கணக்கில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வால்ஸ்கிஸ் வந்த இரவு நானும் கொண்டாடினேன். கோய்ல் ஏன் விட்டார் என்று நானும் கேட்கவில்லை. ஸ்டிரைக்கரையும் விங்கரையும் பிரித்துப் பார்த்ததில்தான் நாம் எல்லோரும் தவறினோம். வெளிநாட்டு வீரர் நான்கு பேருக்கு மேல் களத்தில் இருக்கக் கூடாது என்று ஆன சீசன் அது. அப்படியிருக்க, ஓரத்தில் ஓடுகிற நல்ல இந்திய விங்கரின் மதிப்பு முன்பைவிட இரண்டு மடங்கு. மும்பை அதைப் புரிந்துகொண்டது.

ஆனால் "இங்கே இருந்திருந்தால் வளர்ந்திருக்க மாட்டார்" என்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்த 4-1 அன்று அவரைப் பார்த்தவன் நான். அவரிடம் குறை எதுவும் இல்லை. நாம் அவரைச் சுற்றி அணியைக் கட்டவில்லை. ஆட்டம் மங்கிய பையனுக்கு வேறு மைதானம் வேண்டும் என்பது உன் அனுபவம். வேறு பயிற்சியாளர் போதுமாயிருக்கும் என்பது என் எண்ணம். அவர் போன அடுத்த மாதமே கோவாவிடம் 5-0 வாங்கி, பயிற்சியாளரும் போய்விட்டாரே. ஒரு மாதம், தம்பி. ஒரே ஒரு மாதம் பொறுத்திருந்தால், அடுத்து பொறுப்பேற்ற சபீர் பாஷாவின் கையில் சாங்தே ஆடியிருப்பார்.

தாம்பரத்துச் சகோதரி சொன்னதை மகனிடம் படித்துக் காட்டினேன், வினீத்துக்கு உங்கள் தங்கை கை கட்டி நின்றதை. அவனுக்கு இப்போது வயது கூடிவிட்டது, பந்து பற்றி என்னிடமே வாதிடுகிறான். "அன்றைக்கு நானும் கை தட்டினேனே அப்பா, நீங்கள் பார்க்கவில்லையா?" என்றான்.

நான் அப்போது பின்னால் திரும்பி, கை தட்டியவர்களை முறைத்துக்கொண்டிருந்தேன்.