புதுப்பிப்பு: அப்பா போனபின் பூஜை அறைக்குள் நுழையாத அம்மா

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அம்மாவை எப்படித் தேற்றுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பா கூடத்துக் கட்டிலிலேயே உயிர்விட்டார், "அத்தனை கூப்பிட்டும் வரலையே" என்று அம்மாவுக்குச் சாமி மேல் கோபம், சாப்பாடும் இறங்கவில்லை.

எடுபட்டது ஒரே யோசனைதான்: கோயிலுக்கு இழுக்காதீர்கள், உயிர் பிரிந்த இடத்து விளக்கை அவர் பொறுப்பில் விடுங்கள் என்றது. தினமும் சொம்புத் தண்ணீரை மாற்றி, திரியைத் தூண்டிவிட்டு, அப்பாவிடம் பால்காரர் கணக்கு வரைக்கும் சொல்வார். புராணம் வாசித்தது சரிவரவில்லை; இரண்டாம் நாளே மூடச் சொல்லிவிட்டார்.

எதிர்பாராதது: 16-ஆம் நாள் காரியம் முடிந்ததும் அந்த விளக்கை அவரே பூஜை அறையில் கொண்டுபோய் வைத்தார். இன்னும் கும்பிடவில்லை, எண்ணெய் மட்டும் ஊற்றுகிறார்.

அப்புறம், வீட்டில் நடந்த இறப்பையும் 21 நாளுக்குள் பதியவேண்டும். வழக்கமாகப் பார்த்த டாக்டரே இறப்புக்கான காரணச் சான்று தந்தார்.