படையெடுப்பும் எதிர்ப்பும் மட்டும் போதுமா? குமரி மாவட்ட வரலாற்று வகுப்பு பற்றி ஒரு விவாதம்

வேணாட்டு வாசகன் (தொடக்கப் பதிவு)

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளூர் வரலாற்றை நடத்த ஒரு சரடு வேணும். இல்லாவிட்டால் ஆண்டுகளும் பெயர்களும் உதிரியாகவே கிடக்கும். என் பரிந்துரை, படையெடுப்பும் எதிர்ப்பும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், 1806 வேலூர் என்று ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு நம்ம ஊரையும் கோத்துவிடலாம்.

முதல் வகுப்பில் புத்தகத்தையே திறக்க வேண்டாம். மாவட்ட வெளிவரைபடம் ஆளுக்கொன்று கொடுத்து, மலையையும் கடலையும் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். "ஒரு படை உள்ளே வர எங்கே வழி?" என்று கேட்டால் பிள்ளைகளே ஆரல்வாய்மொழிக் கணவாயையும் குளச்சல் கடற்கரையையும் காட்டிவிடுவார்கள். பிறகு பத்மநாபபுரம், உதயகிரி, வட்டக்கோட்டை. கோட்டைகள் ஏன் அங்கங்கே நிற்கின்றன என்பது தானாக விளங்கும்.

இரண்டாவது வகுப்பு 1741 ஆகஸ்ட் 10, குளச்சல். டச்சுக் கம்பெனிக்கு வேண்டியது தான் சொல்லும் விலைக்கு மிளகு. அன்று நம்ம ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனதில் அந்த விலைக்கு ஆபத்து வந்தது. இலங்கையிலிருந்து வந்த படை குளச்சலில் இறங்கித் தலைநகரான பத்மநாபபுரத்தைக் குறிவைத்தது. வரைபடத்தில் அளந்தால் நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர்கூட இல்லை. மூன்றாவது வகுப்புக்கு 1809, ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்த திருவிதாங்கூர் தலைமை அமைச்சர் வேலுத்தம்பி தளவாய். இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் மற்றதைப் பிள்ளைகளே ஒட்டிக்கொள்வார்கள்.

பறளியாறு

அண்ணாச்சி, வரைபட வகுப்பு அருமை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "வந்தவன் எதிரி, நின்றவன் நம்மவன்" என்ற சரடு மதுரைக்கும் நெல்லைக்கும் ஓரளவு பொருந்தலாம். குமரியில் முதல் நாளே அறுந்துவிடும்.

ராஜராஜனையே எடுங்கள். புத்தகத்தில் அவர் பெரிய கோயில் கட்டியவர். கோட்டாறு பக்கம் நின்று பார்த்தால் அவர் படையெடுத்து வந்தவர். கோட்டாறுக்கு மும்முடிச்சோழநல்லூர் என்றும் சுசீந்திரத்துக்குச் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்றும் பெயர் வந்தது எப்படி? கணியாகுளத்தில் 1635 வாக்கில் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளையை வீழ்த்தியது திருமலை நாயக்கர் படை. அதே நாயக்கர் மதுரை மகால் பாடத்தில் கலை வளர்த்தவர். ஒரே பிள்ளை இரண்டையும் படிக்கும்போது "நம்மவர் யார் டீச்சர்?" என்று கேட்கத்தான் செய்யும். அதற்கு உங்கள் சரட்டில் பதில் இல்லை.

தேர்வு நோக்கர்

இருவரும் பரீட்சையை மறந்துவிட்டீர்கள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் 100 மதிப்பெண். காலக்கோடும் வரைபடமும் அதில் வருகின்றன. போர்ப் பாடத்தில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பாடம் தெரியாததால் அல்ல. பக்கம் பக்கமாக "வீரத்துடன் போரிட்டார்" என்று எழுதுவதுதான். காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்று துணைத்தலைப்பு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு, ஓர் இடம், ஓர் உடன்படிக்கை இருந்தால் திருத்துபவர் கை நிற்காது. 1799, 1801, 1806, 1809 நான்கையும் மாற்றி மாற்றி எழுதுவது இன்னொரு வழக்கம். கயத்தாறு, திருப்பத்தூர், வேலூர், குண்டறை என்று ஆண்டோடு ஊரையும் சேர்த்தே சொல்லிப் பழக்கினால் குழப்பம் குறையும். அந்த வகையில் வேணாட்டு வாசகன் சொல்லும் சரடு பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும்.

வேணாட்டு வாசகன்

பறளியாறு, நம்மவர் யார் என்ற கேள்வி வகுப்பில் எழுந்தால் நல்லதுதானே. ஆனால் சரடே இல்லாமல் அந்தக் கேள்வி எழாது. 1809ஐப் பாருங்கள். 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் அரசு ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பாக்கி ஏறியது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கினார், தளவாய் எதிர்த்து நின்றார். ஜனவரி 11 குண்டறை விளம்பரம், அதாவது கம்பெனிக்கு எதிராக அவர் வெளியிட்ட அறிக்கை. பிப்ரவரி 10 ஆரல்வாய்மொழி அரண் கம்பெனிப் படையிடம் விழுந்தது. அந்தப் படை கணவாய்க்கு வந்தது நெல்லைச் சீமை வழியாக. அங்கே தடுத்திருக்கக்கூடிய பாளையங்கள் 1801லேயே ஒடுக்கப்பட்டுவிட்டன. புத்தகப் பாடமும் நம்ம ஊர்க் கதையும் சேரும் முடிச்சு இதுதான். தலக்குளத்துக்காரர் ஒருவரின் கதை இப்படி மாநில வரலாற்றோடு சேருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

பறளியாறு

அதே 1809ஐ நானும் எடுக்கிறேன். அந்த ஆண்டில்தான் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி ஆலயம் கட்டினார். அந்த ஆண்டில்தான் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பிறந்தார். கரும்பலகையில் 1809 என்று எழுதி, கீழே குண்டறை, ஆரல்வாய்மொழி, மயிலாடி, சாமித்தோப்பு நான்கையும் எழுதுங்கள். ஒரு முழுப் பாடவேளைக்கு இது போதும்.

பிறகு இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று குண்டறை விளம்பரம். திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் என்ற அரசு நூலில் உள்ள வாசகத்தில் உப்பு முதலியவற்றைக் கம்பெனி தனியுரிமை ஆக்கிக்கொள்ளும் என்ற அச்சம் இருக்கிறது. சாதி பாராமல் மணம் முடிக்கவைப்பார்கள், கோயில்களில் சிலுவையும் கொடியும் ஏறும் என்ற அச்சமும் இருக்கிறது. இன்னொன்று 1859 ஜூலை 26 அரச ஆணை. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் கூடாது என்று அந்த அனுமதியிலேயே ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். 1822இல் கல்குளம் பக்கம் மூண்ட தோள்சீலைக் கலவரம் 37 ஆண்டு கழித்து இந்த ஆணையில் வந்து நின்றது. அந்த ஆணைக்கு நெருக்கடி கொடுத்தவர்களில் சென்னை ஆளுநர் டிரெவெல்யனும் ஒருவர், அதாவது வெள்ளைக்காரர்.

இப்போது பிள்ளைகளிடம் மூன்று கேள்வி: இதை யார் எழுதியது? யாரைக் காக்க எழுதியது? யாரைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை? வேலுத்தம்பியின் துணிவைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. அரசுக்கு வந்த ஆபத்தை எதிர்த்தவர்களும், அதே அரசின் கட்டுப்பாட்டை எதிர்த்த பெண்களும் ஒரே மண்ணில் ஐம்பது ஆண்டுக்குள் வாழ்ந்தார்கள். எதிர்ப்பு என்றால் அந்நியனை எதிர்ப்பது மட்டும்தான் என்று கற்பித்தால் இந்தப் பெண்கள் பாடத்துக்கு வெளியே நிற்பார்கள். சி.பி.எஸ்.இ. பாடத்தில் இருந்த பகுதியையும் எடுத்துவிட்டார்கள். உள்ளூர் வகுப்பிலும் விட்டால் வேறு எங்கே படிப்பார்கள்?

முஞ்சிறைவாசி

இரண்டு பேரும் போரிலேயே நிற்கிறீர்கள். பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் ஒரு சாலை, அதாவது கல்விச்சாலை, நிறுவினான். செப்பேட்டில் 95 சட்டர்களுக்கு (மாணவர்களுக்கு) இடம் ஒதுக்கியிருக்கிறது. சிதறால் மலையில் சமணப் பெண் துறவி பொன் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு என்ற கால்வாய்கள், 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, இவற்றில் எதற்கும் படை வரவில்லை. நாஞ்சில் நாட்டு வயல் எந்த மன்னன் மாறினாலும் தண்ணீர் கேட்டது. ஒரு வகுப்பையாவது இதற்கு விடுங்கள்.

வேணாட்டு வாசகன்

விடலாம், முஞ்சிறைவாசி. ஆனால் புத்தனாறு வெட்டியது மார்த்தாண்டவர்மா காலம். நாட்டைப் பிடித்தவரே கால்வாயும் வெட்டினார், மிளகை அரசுத் தனியுரிமையும் ஆக்கினார். போரையும் வயலையும் பிரித்து நடத்தினால் அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விழுந்துவிடும்.

பறளியாறு, உங்கள் மூன்று கேள்வியை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவை கடைசியில் வரட்டும். நிகழ்வு வரிசை தெரியாத பிள்ளையிடம் 1859 ஆணையை நீட்டினால் "வெள்ளைக்காரன் நல்லவன்" என்று எழுதிவிட்டுப் போகும்.

பறளியாறு

கடைசி என்றால் பிப்ரவரி. திருப்புதல் தேர்வு வந்து நிற்கும், அந்த வகுப்பே நடக்காது. முதல் வாரத்திலேயே உதயகிரிக்குக் கூட்டிப் போங்கள். கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில் டச்சுப் படையில் வந்த டிலனாயின் கல்லறை. குளச்சலில் பிடிபட்டவர், திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி 1777இல் இறந்தார். வந்தவன், நின்றவன் என்ற கோட்டில் இவரை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

போகும்போது ஆளுக்கு ஒரே ஒரு தாள், நான்கு கேள்வி. தாள் இல்லாமல் போனால் செல்ஃபி மட்டும்தான் மிஞ்சும். ஒரு கேள்வி இப்படி இருக்கட்டும்: அவர் அரசருக்கு ஏறக்குறைய 37 ஆண்டு பணியாற்றியதாகக் கல்லறையின் லத்தீன் வாசகம் சொல்கிறது. 1741 ஆகஸ்டிலிருந்து 1777 ஜூன் வரை கூட்டினால் 36 ஆண்டுகூட நிரம்பவில்லை. கல்லில் வெட்டியதையும் சரிபார்க்கலாம் என்று பதினான்கு வயதில் தெரிந்துகொள்ளட்டும்.

தேர்வு நோக்கர்

அந்தத் தாளில் கொல்லம் ஆண்டையும், அதாவது திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக் கணக்கையும், சேருங்கள். திருவிதாங்கூர் ஆவணம் எதை எடுத்தாலும் அதுதான் வரும், அங்கேதான் பிள்ளைகள் சறுக்குவார்கள். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறப்பிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. குண்டறை விளம்பரம் கொல்லம் 984 தை மாதம், ஆகவே 825 கூட்டி 1809. 824 கூட்டினால் ஓராண்டு முன்னே போய்விடும்.

வேணாட்டு வாசகன்

சரி, வரிசையை மாற்றுகிறேன்: வரைபடம், உதயகிரி, குளச்சல், 1809 கரும்பலகை, பிறகு இரண்டு ஆவணம். கணியாகுளத்தை வீட்டுப்பாடமாக விடலாம். புத்தனாறு குளச்சல் வகுப்போடு வரும், முஞ்சிறைவாசி. தனி வகுப்பு தர முடியாது.

முஞ்சிறைவாசி

அப்படியென்றால் 95 சட்டர்கள்?

பறளியாறு

வரைபட வகுப்பில் பார்த்திவசேகரபுரத்தையும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கோட்டை இல்லாத இடம் ஏன் குறிக்கப்பட்டது என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். அப்போது சொல்லலாம்.