அக்கோ கோட்டை மதில் யாருடையது?

வெள்ளவத்தை வாசகன்:
இஸ்ரேலின் கடலோர நகரான அக்கோவின் கோட்டையைச் சிலுவைப் போர் வீரர் கட்டியதாக ஓரிடத்தில் இருக்கிறது, ஒஸ்மானியர் கட்டியதாக இன்னோரிடத்தில். எது சரி? நெப்போலியன் திணறிய மதில் இப்போது நிற்பதுதானா?

கொட்டாஞ்சேனை:
இரண்டும் சரிதான், ஒன்றின் மேல் ஒன்று. 1291 மே 18இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் சிலுவைப் போர் வீரரிடமிருந்து நகரைப் பிடித்து இடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஒஸ்மானியருக்குக் கீழே அங்கு ஆண்ட ஸாஹிர் அல்-உமரும் அவருக்குப் பின் வந்த ஒஸ்மானிய ஆளுநர் அஹ்மத் அல்-ஜஸ்ஸாரும் அந்த இடிபாட்டின் மேலேயே கட்டினார்கள். கீழே ஹொஸ்பிட்டலர் என்ற சிலுவைப் போர்த் துறவி வீரர்களின் மண்டபங்கள் மண் நிரம்பிப் புதைந்து கிடந்ததால்தான் உணவு மண்டபத்தின் தடித்த வட்டத் தூண்களும் வளைவுகளும் தப்பின. மதிலில் பீரங்கிக்கென்று விட்ட வாய் தெரிந்தால் அது சிலுவைப் போர்க் காலத்தது ஆகாது, 13ஆம் நூற்றாண்டில் அங்கே பீரங்கி கிடையாது. பழைய நகரம் இன்றைய மதிலையும் தாண்டி வடக்கே மொன்முசார் என்ற புறநகர் வரை பரந்திருந்தது. நம் கொழும்புக் கோட்டையில் மதிலைப் பிரித்தானியர் இடித்ததால் பேர்தான் மிச்சம். அக்கோவில் வாசித்துப் பார்க்க மதில் இருக்கிறதே, அது பெரும் பேறு.

தெஹிவளை:
இரண்டாவது கேள்விக்கு: பெரும்பகுதி இல்லை. 1799 மார்ச்சில் நெப்போலியன் வந்தபோது இருந்தது ஸாஹிரின் மெல்லிய மதில். அதையே உடைக்க முடியாததற்குக் காரணம், அவருடைய கனரக முற்றுகைப் பீரங்கிகள் கடல் வழியாக வந்ததுதான். பிரித்தானியக் கடற்படைத் தளபதி சிட்னி ஸ்மித்தின் கப்பல்கள் அவற்றைப் பிடித்துக் கோட்டைக்குள்ளே ஏற்றிவிட்டன. கையில் எஞ்சிய இலகு பீரங்கிகளால் உடைப்பை அகலமாக்க முடியவில்லை; ஏறிய படைக்குக் கப்பல்களிலிருந்து பக்கவாட்டுச் சூடு. உள்ளே அரண் அமைத்தவர் பெலிப்போ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், நெப்போலியனோடு ஒரே இராணுவப் பள்ளியில் படித்தவர். போதாததற்குப் பாளையத்தில் கொள்ளைநோய். மே 20இல் திரும்பினார்கள். அதன் பிறகுதான் ஜஸ்ஸார் வெளியே தடித்த மதிலும் அகழியும் எழுப்பத் தொடங்கினார்.

வெள்ளவத்தை வாசகன்:
நன்றி அண்ணா. அந்தத் தடித்த மதில் பிறகு தாங்கியதா?

கொட்டாஞ்சேனை:
1840 நவம்பர் 3இல் தாங்கவில்லை தம்பி. பிரித்தானிய, ஆஸ்திரிய, ஒஸ்மானியக் கப்பல்கள் கடலிலிருந்து சுட்டபோது உள்ளே வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அன்றிரவே, அப்போது அக்கோவைப் பிடித்து வைத்திருந்த எகிப்தியப் படை நகரை விட்டு வெளியேறியது. மதில் எவ்வளவு தடித்தாலும் கிடங்கு குண்டு விழும் தூரத்தில் இருந்தால் பயனில்லை.

தெஹிவளை:
அந்த ஹொஸ்பிட்டலர் மண்டபங்களின் மேலிருந்த கோட்டைக் கட்டடத்தைப் பிரித்தானியர் சிறையாக்கினார்கள். 1947 மே 4இல் இர்கூன் என்ற யூத ஆயுதக் குழுவினர், சிறையிலிருந்த தம் ஆட்களை மீட்கப் பிரித்தானிய வீரர் உடையில் வந்து, பக்கத்துத் துருக்கிக் குளியல் மண்டபத்தின் வழியாகச் சிறைச் சுவரை வெடிவைத்து உடைத்தார்கள். நுழைவாயிலில் காவல் பலமாக இருந்தது. அந்தக் குளியல் மண்டபமோ சுவரை ஒட்டியே இருந்தது.