சுமையர் என்பது நாம் வைத்த பெயர்: உழைப்பாளி ஏலியன்களைப் படைத்த அனுபவங்கள்

மூன்று வருடமாக நண்பர்கள் ஐந்து பேருக்கு ஒரு விண்வெளிக் கதையாட்டம் நடத்துகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே விளையாடும் வகை. கேம் மாஸ்டர் நான்தான். களம் சனியின் நிலவான டைட்டன். அங்கே மனிதர்களின் சுரங்கம், அதில் பாறை சுமக்க ஒரு வேற்றுக்கிரக இனம். 'சுமையர்' என்று பெயர் வைத்தேன். ஆறு கை, யானைக் கால், பேச்சு குறைவு, சொன்னதைச் செய்வார்கள். அரைப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

முதல் அடி இயற்பியலில் விழுந்தது. டைட்டனின் ஈர்ப்பு பூமியுடையதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். 500 கிலோ பாறை அங்கே 70 கிலோ போலத்தான் கனக்கும், அதற்கு எதற்கு யானைக் கால் என்று ஒரு ஆட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, அங்கே கஷ்டம் தூக்குவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. எடை குறைந்தாலும் நிறை குறையாது. நகர ஆரம்பித்த பாறை 500 கிலோவாகத்தான் வந்து இடிக்கும். காலை ஊன்றி நிறுத்தலாம் என்றால், உடம்பின் எடையும் குறைந்துவிட்டதால் கால் வழுக்கிக்கொண்டு போகும். உடும்புப் பிடி என்கிறோமே, அதையே உடம்பாக்கினேன். தடித்த கால் போய், தரையைக் கவ்வும் நீண்ட விரல்கள் வந்தன. ஆறு கை நான்காகக் குறைந்தது. மைனஸ் 179 டிகிரி குளிருக்கு ஒரு கவச உடையைப் போட்டுவிட்டேன், அதில் அதிகம் மெனக்கெடவில்லை.

உடம்பு சரியாகிவிட்டது. ஆனால் அந்த உடம்புக்குள் யாரும் இல்லை என்பது அதற்கடுத்த செஷனில்தான் தெரிந்தது. பொறியாளர் பாத்திரத்தில் விளையாடும் தோழி, காற்றறையில் (வெளியே போகுமுன் காற்றழுத்தத்தைச் சரிசெய்யும் அறை) கதவு திறக்கக் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் நின்ற சுமையரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க ஆளுங்க உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க? சுமையர்னு நாங்க வச்ச பேருதானே அது?"

என் கையில் பகடை இருந்தது, பதில் இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரம் முழுக்கத் தேனீக்களைப் பற்றிப் படித்தேன். சுறுசுறுப்பான காலத்தில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம். பிறந்ததும் அறைகளைச் சுத்தம் செய்யும். அப்புறம் புழுக்களுக்கு ஊட்டும், மெழுகால் அடை கட்டும், சில தேனீக்கள் வாசலில் காவல் நிற்கும். மூன்றாவது வாரம் போலத்தான் பூக்களைத் தேடி வெளியே பறக்கும். உயிருக்கு ஆபத்தான வேலை கடைசிப் பருவத்துக்குத்தான் வருகிறது. பூவில் நாம் பார்ப்பதெல்லாம் வயதான தேனீக்கள்!

இதை அப்படியே என் இனத்துக்குக் கொண்டுவந்தேன். இளம் வயதில் அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள், நடுவயதில் கூடு கட்டுவார்கள், வெளிவேலைக்கு முதுமையில்தான் வருவார்கள். பருவத்துக்கு ஒரு பெயர். அடுத்த செஷனில், அதே காற்றறையில், பதில் சொன்னேன்.

"இப்போ எனக்குப் பேர் வாசல் தாண்டியவள். அதுக்கு முன்னாடி கூடு பூசியவள். அதுக்கும் முன்னாடி நாற்பது பிள்ளைகளுக்கு ஊட்டியவள்."

தோழி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ இத்தனை நாளா நாங்க பாட்டிகளையா பாறை தூக்க வச்சோம்?" என்றார். அன்றைக்கு நான் தயார் செய்து வைத்திருந்த சண்டைக் காட்சி நடக்கவே இல்லை. ஐந்து பேரும் எழுந்து சுரங்க மேலாளரிடம் கூலி பேசப் போய்விட்டார்கள்.

வேலைக்கென்று ஓர் இனத்தை எழுதுகிறவர்கள், அந்த வேலைக்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்று ஒரு வரியாவது எழுதி வையுங்கள். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

*

நான் கணினி வியூக விளையாட்டுகளுக்கு 'மாட்' (mod), அதாவது ஆட்டத்தை மாற்றியமைக்கும் சேர்க்கைகள், செய்பவன். எனக்கு வந்த சிக்கல் வேறு. என் உழைப்பாளி இனத்தில் எப்போதும் பத்தில் நான்கு பேர் சும்மா நிற்பார்கள். வேண்டுமென்றே அப்படி வைத்தேன். அரிசோனா பல்கலைக்கழகத்தில் பாறை எறும்புகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், கூட்டில் சுமார் 40 சதவீதம் பெரும்பாலான நேரம் வேலை செய்யாமலே இருந்தன. 2017-ல் அதே ஆய்வாளர்கள் மிகச் சுறுசுறுப்பான 20 சதவீதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் சும்மா இருந்தவற்றிலிருந்து ஆள் வந்து அந்த இடம் நிரம்பியது.

விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் இதை பக் (நிரல் பிழை) என்றே எழுதி அனுப்பினார்கள். "வேலை கொடுத்தாலும் நகர மாட்டேன்கிறது." நான் மாற்றவில்லை. பிறகு ஒருவர் அனுப்பிய காணொளியில், எதிரி தாக்கி வயலில் இருந்த உழைப்பாளிகள் எல்லாரும் செத்துப்போனார்கள். ஓரமாக நின்றவர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்து, கீழே கிடந்த கருவியை எடுத்தார்கள். அவர் ஆட்டத்தை நிறுத்திவைத்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். என் மாட்டில் எனக்குப் பிடித்த பகுதி எதுவென்றால் அதுதான்.

*

உழைப்பாளி இனம் என்றதும் கை தானாக எழுதும் ஒரு வரி உண்டு: 'அவர்கள் உழைப்பதை விரும்புகிறார்கள்.' மேசைக் கதையாட்டம் நடத்தும் நானும் எழுதினேன். ரோபோ என்ற சொல்லின் கதையைப் படித்த பிறகு அதை அடித்துவிட்டேன். அது 1920-ல் வெளியான ஒரு செக் நாடகத்திலிருந்து வந்த சொல். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. அந்த நாடகத்தின் ரோபோக்கள் உலோகமும் அல்ல, செயற்கையாக உண்டாக்கிய உயிருடல்கள். ஆக, நாம் இப்போது செய்கிற இதே வேலையிலிருந்துதான் அந்தச் சொல்லே பிறந்திருக்கிறது.

சரி, விருப்பம் இல்லையென்றால் கலகம்தானே என்று ஆட்டக்காரர்கள் துப்பாக்கியோடு தயாரானார்கள். எனக்கு வேறு ஒன்று கிடைத்திருந்தது. வட அமெரிக்காவில் ஓர் எறும்பினம் அயல் கூடுகளிலிருந்து கூட்டுப்புழுக்களைத் திருடிவந்து வேலைக்கு வளர்க்கும். அப்படி வளர்ந்த எறும்புகள் எஜமானர்களின் கூட்டுப்புழுக்களைப் பராமரிக்கும்போது அவற்றில் பலவற்றைக் கொன்றுவிடுகின்றன என்று 2009-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் அந்த எறும்புக்கு விடுதலை கிடைக்காது. ஆனால் அக்கம்பக்கத்தில் இருக்கும் அதன் சொந்தங்களின் கூடுகள் மீது படையெடுப்பு குறைய வாய்ப்பு உண்டு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் ஆட்டத்தில் யாரும் கொடி பிடிக்கவில்லை. எஜமானர்களின் முட்டை அறையில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் வெப்பநிலையை இரண்டு டிகிரி குறைத்து வைத்திருந்தார். ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். அளவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். மற்ற ஆட்டக்காரர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த செஷன் ஞாயிற்றுக்கிழமை.