சிலந்தி தன் வலையிலயே ஏன் ஒட்டிக்க மாட்டேங்குது?

தெம்பனிஸ்_மலர்:
சிங்கப்பூர் மக்ரிச்சி காட்டுப் பக்கம் நடக்கப் போனப்ப கால விரிச்சா கை அகலம் இருக்கும் போல ஒரு சிலந்தி, வலை வெயில்ல தங்கக் கலர்ல மின்னுச்சு. பின்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தி வயித்துக்கடியில கொண்டுபோய் நூல இழுத்துக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு பிரைமரி ஃபோர், நூல் எங்கருந்து வருது, அது ஏன் தன் பசையிலயே மாட்டிக்கலன்னு கேக்குறா. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பூச்சிப்பிரியன்:
நீங்க பாத்தது நெஃபிலா பைலிப்பஸ்ங்கிற தங்க வலைச் சிலந்தியா இருக்கணும்க்கா, அந்தச் சைஸ்ல இருந்தா பொண்ணுதான், ஆண் ரொம்பச் சின்னது. வயித்தோட பின்கோடில, அடிப்பக்கமா, குட்டி விரல் மாதிரி மூணு ஜோடி நூற்பு உறுப்பு இருக்கும், ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்கே தெரியாத குழாய் நிறைய. வயித்துக்குள்ள சுரப்பியில நூல் திரவமாத்தான் இருக்கும், புரதம். ஒடுங்கிக்கிட்டே போற நாளத்துல வர்றப்ப தண்ணி குறையும், அமிலத்தன்மை கூடும், இழுக்குற இழுப்புல புரதமெல்லாம் ஒரே திசையில அடுக்காகி கெட்டியாயிடும். உள்ளருந்து பிதுக்கித் தள்ளுறதில்ல, வெளியருந்து இழுக்கணும், அதான் அந்தக் கால் வேலை. தொங்கி இறங்குறப்ப அதோட உடம்பு எடையே இழுத்துடும்.

கதிர்_ஈசூன்:
ஒட்டாத விஷயத்துக்கு வர்றேன். வலை பூரா பசை கிடையாது, நடுவுலருந்து சக்கரத்தோட ஆரம் மாதிரி போற நூல்ல பசை இல்ல, சுத்திச் சுத்திப் போற நூல்லதான் இருக்கு. ஆனா அந்தப் பசை நூலயும் பின்னங்காலாலதான இழுக்குது? 2012ல வந்த ஒரு ஆய்வுல இதோட அமெரிக்கச் சொந்தக்காரச் சிலந்தியோட கால கரைப்பான்லயும் தண்ணியிலயும் கழுவிப் பாத்தாங்க, கழுவினதுக்கப்புறம் கால் அதிகமா ஒட்டுச்சு, அப்ப கால் மேல ஏதோ பூச்சு இருக்குன்னு தெரிஞ்சுது. காலு முடியும் ஒரு காரணம், பசை முடி நுனிய மட்டும் தொட்டு வழுக்கிடும், காலையும் நைசா எடுக்கும். கால் நுனியில மூணு நகம், நடு நகம் நூல வளைச்சுப் பிடிக்க, பக்கத்துல இருக்குற பல்லு பல்லான முடி நழுவாம தாங்கும். வலை கட்டாம தாவிப் பிடிக்கிற சிலந்திக்கு ரெண்டே நகம்தான், அந்தக் காலத்துல இங்க பசங்க தீப்பெட்டியில வச்சு சண்டை விடுவாங்களே அது. ஆனா அதுவும் தாவுறதுக்கு முன்னாடி நூல இலையில ஒட்டிட்டுத்தான் தாவும், தவறினா அதப் பிடிச்சு ஏறி வரலாம்.

தெம்பனிஸ்_மலர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! முட்டைய சுத்துறதும் இதே நூலா?

பூச்சிப்பிரியன்:
இல்லக்கா. வட்ட வலை கட்டுற பொண்ணு சிலந்திக்கு ஏழு வகைச் சுரப்பி வரைக்கும் இருக்கும், தொங்குறதுக்கு ஒண்ணு, இரையச் சுத்த ஒண்ணு, நூல் நுனிய ஒட்ட ஒண்ணு, இப்படி. முட்டைப் பைக்குன்னு தனிச் சுரப்பி, அது பொண்ணுகிட்ட மட்டும்தான்.